"சொல்லவிடுங்கக்கா" என்ற தம்பிக்கு

தம்பி,

இன்று காலை காலில் முள் குத்தி வந்த ஒரு தோட்டத் தொழிலாளிக்குக் கட்டுப் போட்டேன். அவர் சட்டையில் ஏலச்செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்தின் வாடை. அவர் கிளம்பிப் போன பிறகும் வாடை அறையை விட்டுப் போகவில்லை. நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று இன்றுதான் தோன்றியது.

போடியில் இந்த ஆஸ்பத்திரிக்கு நாம் இருவரும் ஒரே வாரத்தில் நர்சு வேலைக்கு வந்தோம். நான் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டுப் பெண். நீ சிலமலையில் விவசாயம் பார்க்கும் வீட்டுப் பிள்ளை. முக்காடு போட்ட பெண் ஆண்கள் வார்டில் ஊசி போடுவதா என்று என்னைப் பற்றிப் பேச்சு. உன்னைப் பற்றியோ, "பொம்பளை சோலிக்குப் போயிருக்கான்" என்று உன் சொந்தக்காரர்களே பேசினார்கள். அதை என்னிடம் சொல்லிச் சிரித்தவன் நீ. ஆனால் நோயாளி யாராவது உன்னை டாக்டர் என்று கூப்பிட்டால் மட்டும் விடமாட்டாய். "டாக்டர் இல்ல ஆத்தா, நான் நர்சு. டாக்டர் இப்ப வருவாரு." அந்தச் சொல்லை நீ சொன்ன அளவுக்குப் பெருமையாக அப்போது நான்கூடச் சொன்னதில்லை.

மதியம் ஷிப்டு மாறும் நேரத்தில் கால் மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும் என்று ஆரம்பித்தவனும் நீதான். நர்சுகள் மட்டுமல்ல, வார்டு ஆயாவும் ஆம்புலன்ஸ் ஓட்டும் அண்ணனும் வர வேண்டும். அவரவர் அன்று கவனித்ததைச் சொல்ல வேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை.

"படிச்சுட்டு வந்து, வார்டு கூட்டுறவங்ககிட்ட பாடம் கேக்கணுமாக்கும்?" என்றேன்.

"கேட்டா என்னக்கா, காது தேஞ்சா போயிரும்?" என்றாய்.

பிறகு அந்தப் பிற்பகல் வந்தது. போடிமெட்டுக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்திலிருந்து ஜீப்பில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வடக்கே எங்கிருந்தோ வேலைக்கு வந்தவள். தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. "வலிப்பு சிஸ்டர்" என்றார் கூட வந்த மேஸ்திரி. நானும் அப்படியே நம்பி, அதற்கு வேண்டியதை எடுத்துவைக்கத் திரும்பினேன்.

கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்த ஆயா செல்வி, "சிஸ்டர், இது வலிப்பு இல்ல..." என்று இழுத்தாள்.

"நீ சும்மா இரு, செல்வி" என்று அதட்டினேன்.

நீ என்னைப் பார்த்தாய். குரலை உயர்த்தவில்லை. "சொல்லவிடுங்கக்கா" என்றாய்.

"மருந்து வாடை அடிக்குது பிரதர். சேலையெல்லாம் நனைஞ்சிருக்கு. நான் மேல தோட்டத்துல பத்து வருசம் மருந்தடிக்கிற டியூப்பு இழுத்தவ. எங்கூட இருந்தவளுக்கும் இப்படித்தான் வாயில ஒழுகுச்சு."

நீ டார்ச்சை அடித்து அவள் கண்ணைப் பார்த்தாய். கருவிழியின் நடுப்புள்ளி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. டாக்டரிடம் ஓடினாய். அவர் வந்து பார்த்து, பூச்சிமருந்துதான் என்று உறுதி செய்து, விஷமுறிவு ஊசிக்குச் சொன்னார். "செல்வி, சோப்பு கொண்டா, வெரசா. கையுறை போட்டுக்க" என்றுவிட்டு நீ திரைக்கு வெளியே போய் நின்றுகொண்டாய். உள்ளே நானும் செல்வியும் அவள் துணியைக் களைந்து, தலைமுதல் கால்வரை கழுவினோம். திரைக்கு அந்தப் பக்கம் நீ ஊசிமருந்தை ஏற்றி ஏற்றி நீட்டினாய். நேரத்தை உரக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டாய். யார் பெரியவர், யார் சின்னவர் என்று நினைக்க அன்று யாருக்கும் நேரமில்லை.

நாலாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பாஷையில் என்னவோ சொன்னாள். செல்வியும் புரிந்த மாதிரி தலையாட்டினாள்.

அன்று மதியக் கூட்டத்தில் உன் நாற்காலியில் செல்வியை உட்காரவைத்து, மருந்து உடம்பில் பட்டவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பாடம் எடுக்கச் சொன்னாய். நோட்டும் பேனாவுமாக நீ தரையில் உட்கார்ந்தாய். என்னால் நாற்காலியில் இருக்க முடியவில்லை. நானும் இறங்கி உன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மேற்படிப்புக்கு விண்ணப்பம் வாங்கிவந்து என் கையில் திணித்ததும் நீதான். "உங்க பிள்ளைக ஒரு பக்கம் படிக்கட்டும், நீங்க ஒரு பக்கம் படிங்க" என்றாய். நாற்பது வயதில் நான் பட்டம் வாங்கினேன். நான் படித்த இரண்டு வருடமும் என் ஞாயிற்றுக்கிழமை டூட்டிகளை நீ பார்த்தாய். அதை ஒரு நாளும் உதவி என்று நீ சொன்னதில்லை.

கடைசியில் சிறுநீரகம் கெட்டு நம் வார்டிலேயே நீ படுத்தபோது, புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு உன் கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பக் குத்திப் பார்த்தாள். "பதறாத ஆத்தா. இன்னொரு ஆளக் கூப்புட்டுக்க. எல்லாத்தையும் தனியாவே பண்ணணும்னு யாரு சொன்னா?" என்றாய். திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இப்போது நர்சிங் மாணவிகளை வார்டுக்கு அழைத்துவருவது என் வேலை. போன வாரம் தேவாரம் ஊரிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி, முதலாம் ஆண்டு படிப்பவள், நான் அவசரமாக ரவுண்ட்ஸ் போகும்போது குறுக்கே வந்தாள். "மேடம், ஒண்ணு சொல்லணும்" என்றாள். அப்புறம் பார்க்கலாம் என்று நகரப் பார்த்தேன். கால் நகரவில்லை. "சொல்லும்மா" என்றேன். ஆறாவது கட்டில் பாட்டி மாத்திரையை விழுங்காமல் தலையணைக்கு அடியில் ஒளிக்கிறாள் என்றாள். தொண்டை வலியாம், சொல்லப் பயமாம். அன்றே டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்தார்.

நான் இன்னும் அவசரக்காரிதான், தம்பி. அது மாறவில்லை. ஆனால் யாராவது தயங்கித் தயங்கி வாயெடுத்தால் நின்றுவிடுகிறேன். என்னிடம் இருப்பதில் அது உன்னுடையது.

உன் அக்கா