முகில்பாறை ஆசிரியையின் பணிநீக்கம் விலக்கிய ஓலை

மலையும் வயலும் ஒருங்கே தழைக்க! தென்கோடை நாட்டு வேந்தர் திருவுளப்படி, கல்வி அமைச்சன் காரி செழியதரையன், மேல்குன்றக் கூற்றத்தைக் காத்துவரும் தலைவர் மாறன் ஏனாதியாருக்கு வணக்கத்துடன் விடுக்கும் ஓலை. தங்கள் கூற்றத்தில் தேனும் தினையும் குறைவின்றிப் பெருகுக. தங்கள் மனையோர் நலமே வாழ்க.

பள்ளியாசிரியர் எவரும் ஊரைவிட்டு வராமலே புதிய கற்பிக்கும் முறைகளைப் பயிலும்பொருட்டு, தலைநகர்க் கோபுரத்திலிருந்து குன்றுக்குக் குன்று கண்ணாடியொளி மின்னச்செய்து, பத்து நாள் உச்சிவேளைதோறும் பயிலரங்கு நடத்தினோம். ஒளி மின்னும் எண்ணிக்கையால் எழுத்தறிந்து, பதிலுக்குத் தம் கண்ணாடியை அசைத்தவரே வந்தவராகக் குறிக்கப்பட்டார். பத்து நாளும் பதில் அசைக்காத முகில்பாறை ஆசிரியை பூதிநங்கையைப் பணிநீக்கம் செய்ய வேண்டுமெனத் தாங்கள் எழுத, யாமும் ஆராயாமல் ஒப்பிவிட்டோம்.

பின்னர் அவ்வழி சென்றுவந்த எம் ஓலையாள் சொன்னதைக் கேட்டு நெஞ்சு பதறிப்போயிற்று. கார்காலம் முழுதும் முகில்பாறையில் கதிரவன் முகமே தெரியாதாம். ஐயோ, மேல்குன்றத்தில் பால்மணம் மாறாப் பிள்ளையும் அறிந்த இதனை, அரண்மனை நிழலில் அமர்ந்து நாள் குறித்த யாம் அறியவில்லையே! அந்த அம்மையோ பத்து நாளும் பாறையுச்சியில் மழையில் நனைந்தபடி கண்ணாடி பிடித்து நின்றாராம். கண்ணிமைக்கும் நேரம் வெயிலடித்தாலும் போதுமே என்று ஊராரிடம் சொன்னாராம். நீக்க ஓலை கண்டபோதும் எவரையும் நோகாமல், தம் முப்பத்தொரு மாணவர்க்கு இனி யார் பாடம் சொல்வார் என்று மட்டும் கேட்டாராம்.

தலைவரே, தங்கள்மேல் வருத்தமில்லை என்றால் அது பொய். அரைநாள் வழிதானே, ஓர் ஆளை அனுப்பிக் கேட்டிருக்கலாகாதா? ஆயினும் பெரும்பிழை எம்முடையதே. ஆசிரியர்க்கான பயிலரங்கை ஓர் ஆசிரியரிடமும் கேளாமல் வகுத்தோம்.

ஆதலால் அந்நீக்கம் இக்கணமே ஒழிக. பத்துப் பாடங்களும் சுவடியாக எழுதப்பெற்று இத்துடன் வருகின்றன. மேகம் சூழும் ஊர்களுக்கெல்லாம் இனி ஓலையாள் வழியே பயிலரங்கு நடக்கும். அடுத்த பயிலரங்கை எப்போது, எவ்வாறு நடத்தலாம் என்று பூதிநங்கையார் வகுத்துரைக்கும்வரை தலைநகர்க் கண்ணாடியின் திரை விலக்கப்படாது. தாங்களே நேரில் சென்று, அவர் மாணவர் முன்னிலையில், எம் பிழை என்னும் சொல்லை விழுங்கிவிடாமல் இவ்வோலையை உரக்கப் படிப்பீராக.

இது வேந்தர் ஆணை. கொன்றைப்பூ இலச்சினை சற்றுச் சாய்ந்திருப்பது கண்டு பொய்யோலை என்று ஐயுற வேண்டா. இடும்போது எம் கை நடுங்கியது.