வட்டம் போட்ட கதவு

என் அருமைப் பேத்திக்கு,

உன் பாட்டி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் நலம். முழங்கால்தான் என் பேச்சைக் கேட்பதில்லை. போனில் நீ “சீக்கிரம் சொல்லு பாட்டி” என்கிறாய். எனக்குச் சீக்கிரம் சொல்ல வராது, அதனால்தான் கடிதம். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

மழைச் சேதியை டிவியில் பார்த்திருப்பாய். தெருவில் இடுப்பளவு தண்ணீர். லிஃப்ட் நின்றுவிட்டது. நான் இருக்கும் மூன்றாம் மாடி வரை வெள்ளமும் ஏறவில்லை, மனிதர்களும் ஏறவில்லை.

முதல் மாடித் தையல்காரரை நினைவிருக்கிறதா? டேப் இல்லாத கழுத்தோடு அவரை யாரும் பார்த்ததில்லை என்று ‘அளவுநாடா’ என்று நீ பெயர் வைத்தாயே, அவர்தான். அவரும் தெருக்காரர்களும் பள்ளிக்கூட மாடியில் சமைத்து, “சாப்பாடு, பால் வேண்டியவங்க வந்து வாங்கிக்கங்க” என்று மைக்கில் கூவினார்கள். நல்ல மனசுதான். ஆனால் என் எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் காது கேட்காது. மைக் இருந்து என்ன பிரயோஜனம்? இரண்டாம் மாடிப் பெரியவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார், எந்தப் படியில் இறங்குவார்? நான் பால்கனியில் நின்று, “காலும் காதும் இருக்கிறவனுக்கு மட்டும்தான் பசிக்குமாப்பா?” என்று கத்தினேன். தெருவே அண்ணாந்து பார்த்தது. அளவுநாடா கையெடுத்துக் கும்பிட்டு, “தப்புதான் பாட்டி, நாங்களே வர்றோம்” என்றார்.

சொன்னபடி வந்தார்கள். வீடு வீடாகக் கேட்டு, துணியில் கோடு போடும் சாக்கட்டியால் கதவில் குறி போட்டார்கள். வேண்டும் என்றால் பெருக்கல், வேண்டாம் என்றால் வட்டம். எதிர்வீட்டில் தட்டிப் பயனில்லை என்று, கதவடியில் சிவப்புத் துணி ஒன்றை நுழைத்து ஆட்டுவார்கள். அவள் பார்த்துவிட்டுத் திறப்பாள்.

என்னிடமும் அளவுநாடா கேட்டார். ஊருக்காகச் சண்டை போட்டவள் தனக்கென்று கையேந்தினால் நன்றாகவா இருக்கும்? “என் பேத்தி இன்ஜினியர். எனக்கு எல்லாம் இருக்கு. வட்டம் போடு” என்றேன். போட்டுவிட்டார்.

அரிசி பருப்பு நிஜமாகவே இருந்தது. ஆனால் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் எதிர்வீட்டு வாசலில் நின்று கைஜாடையில் பேசுவார்கள். அவள் சிரிப்பது எனக்குக் கேட்கும். பிறகு செருப்புச் சத்தம் என் கதவைத் தாண்டிப் போகும். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பேன். வட்டம் போட்ட வீட்டை யார் தட்டுவார்கள்?

ஒரு நாள் பொறுக்கவில்லை. புடவைத் தலைப்பை நனைத்து வட்டத்தை அழித்துவிட்டேன். அளவுநாடா வந்து, “என்ன பாட்டி, குறியைக் காணோம்?” என்றார். சாரல் அடித்தது என்றேன். நாலு பக்கமும் சுவர், அங்கே ஏது சாரல்? அவர் மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, “ஆமா பாட்டி, பேய்ச் சாரல்” என்று தலையாட்டினார். பெருக்கல் போடவா என்று கேட்டிருந்தால் செத்தாலும் வேண்டாம் என்றிருப்பேன். அவர் அதைக் கேட்கவில்லை. “மாடி ஏறுறதுல மூச்சு வாங்குது, உங்க வீட்டுல கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுமா?” என்றார்.

அதற்குப் பிறகு தினமும் யாராவது வந்து உட்கார்ந்தார்கள். டீ போட்டேன். சர்க்கரை போதும் என்பதற்கு எதிர்வீட்டுப் பெண் எனக்கு ஜாடை சொல்லிக்கொடுத்தாள். நான் பேசிப் பேசி, உன் பத்தாம் வகுப்பு மார்க் இந்தத் தெருவுக்கே மனப்பாடம்.

இப்போது தண்ணீர் வடிந்துவிட்டது. அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். எதிர்வீட்டுப் பெண்ணும் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். லிஃப்ட் ஓடுகிறது, யாருக்கும் மூச்சு வாங்குவதில்லை.

பணம் ஒன்றும் அனுப்பாதே, இருப்பதே செலவாகவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே கிளம்பாதே. ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். யாராவது விசாரித்தால், பாட்டி சௌக்கியம், எதுவும் வேண்டாம் என்கிறாள் என்று சொல். நீ மட்டும் அதை நம்பிவிடாதே, கண்ணு.

இப்படிக்கு,
உன் பாட்டி