கழுத்துப் பொத்தான்

அன்புள்ள மாமா,

மாத்தளையில் இன்றைக்கு நல்ல மழை. வாசல் கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீர் வழக்கம்போல என் தையல் மெஷின்வரை வந்துவிட்டது. உடைந்த ஓடு இரண்டை மாற்றுகிறேன் என்று உங்க மகன் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். நீங்க போய் மூன்று மாதமாகியும் அதில் ஒரு மாற்றமும் இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இருந்தபோது கேட்கக் கூச்சமாக இருந்தது. அன்றைக்கு டொக்டரிடம் ஏன் பொய் சொன்னீங்க?

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் நத்தாருக்கு, யேசு பாலன் பிறந்த நாளுக்கு என்று, உங்களுக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்தேன். மாமனார் கழுத்தில் மருமகள் டேப் பிடிப்பதா என்று, உங்க பழைய சட்டை ஒன்றை எடுத்து அதன் கொலரை அளந்தேன். அது துவைத்துத் துவைத்துச் சுருங்கிப் போன சட்டை என்பது, தையலே தொழிலான எனக்குத் தோன்றவில்லை. நீங்களோ தேயிலைத் தோட்டத்து ஒபிசில் கிளாக்கராக இருந்த காலத்திலிருந்து கழுத்துப் பொத்தான் போடாமல் மாதா கோயில் படி ஏறாத ஆள்.

நத்தார் காலைப் பூசையில், பின் பெஞ்சுக்கு நாங்கள் வந்துவிட்டோமா என்று திரும்பிப் பார்த்தீங்க. பார்த்தபடியே சரிந்தீங்க. தண்ணீர் தெளித்ததும் எழும்பி, "ஒண்ணுமில்ல, வெறும் வயிறு" என்றீங்க. அடுத்தது நம்ம பக்கத்து நாலந்தாவுக்குப் போகும் பஸ்ஸில், யாரோ கூப்பிட்டுத் திரும்பியபோது. பிரஷர் ஏறித்தான் விழுகிறார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் கறியில் உப்பைப் பாதியாக்கினேன். அந்தச் சப்பென்ற பருப்பையும் "நல்லாருக்கும்மா" என்று சாப்பிட்டீங்க.

மூன்றாவது தடவை கோயில் படியில் விழுந்து நெற்றி கிழிந்தது. மூன்று தடவையும் அதே வெள்ளைச் சட்டை. எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை.

டொக்டர் பிரஷர் பார்த்தார், சரியாக இருந்தது. நெஞ்சில் வயர் ஒட்டிவிட்டு, உங்க கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்தினார். திரையில் துள்ளி ஓடிய கோடு சில விநாடி துள்ளாமல் போனது.

பிறகு மெதுவான சிங்களத்தில் விளக்கினார். மூளைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்கள் கழுத்தின் இரண்டு பக்கமும் ஏறுகின்றனவாம். அவற்றின் சுவரில் நரம்பு நுனிகள் இருக்கின்றன. அழுத்தம் கூடிச் சுவர் இழுபட்டால் அவை மூளைக்குச் சொல்லும். மூளை இதயத்தை மெதுவாக்கி, குழாய்களைத் தளர்த்தி, அழுத்தத்தை இறக்கும். நாம் சட்டென்று எழும்பும்போது இரத்தம் காலுக்கு இறங்கும். அப்போது அந்த நரம்பு நுனிகள் அடங்க, மூளை இதயத்தை வேகமாக்கி, குழாய்களை இறுக்கிவிடும். நாம் தலைசுற்றாமல் நிற்பதே அதனால்தான்.

உங்களுக்கு வயதோடு அந்த இடம் தொட்டாச்சிணுங்கி ஆகிவிட்டது. இறுக்கமான கொலரோடு கழுத்தைத் திருப்பினால், அழுத்தம் ஏறிவிட்டது என்று நரம்பு தவறாகச் சொல்லும். மூளை அதை நம்பி இதயத்தைப் பிடித்து நிறுத்தும். ஆக, நீங்க விழுந்தது பிரஷர் ஏறியதால் அல்ல, இறங்கியதால்.

அப்புறம் டொக்டர் கொலரைத் தொட்டுப் பார்த்து, "இது யார் தச்சது?" என்று கேட்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். நீங்க என் பக்கம் திரும்பாமலே, "கடையில வாங்கினது டொக்டர்" என்றீங்க.

கழுத்து இறுகுவது உங்களுக்குத் தெரியாமலா இருந்தது? போட்ட அன்றைக்கே தெரிந்திருக்கும். வந்த புதுசில் தைத்துக் கொடுத்தவள் மனசு நோகும் என்று அதையே போட்டுக்கொண்டு திரிந்தீங்களா மாமா? நினைத்தால் உங்கள் மேல் கோபம்தான் வருகிறது. கூடவே அழுகையும் வருகிறது.

அடுத்த நாளே கூச்சத்தை ஓரமாக வைத்துவிட்டு டேப்போடு வந்தேன். இடமும் வலமும் திரும்பச் சொல்லி அளந்து, ஒரு விரல் நுழைய இடம் விட்டுத் தைத்தேன். பருப்புக்கு உப்பும் திரும்பி வந்தது. அதன் பிறகு இரண்டு வருஷம் நீங்க விழவே இல்லை. கடைசியில் கொண்டு போனது நெஞ்சுச் சளி. கழுத்தால் இல்லையே என்று நான் டொக்டரிடம் இரண்டு தடவை கேட்டேன்.

சவப்பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரர்கள் உங்களுக்குக் கோட் போட்டு, டை கட்டி, கழுத்துப் பொத்தானை இறுக்கப் பூட்டியிருந்தார்கள். நான் கிட்டப் போய் டையைத் தளர்த்தினேன்.

"விடு ஸ்டெல்லா, இனிமே அப்பாவுக்கு என்ன தெரியப் போவுது" என்றார் உங்க மகன்.

"எனக்குத் தெரியுதுங்க" என்றேன்.

பொத்தானைக் கழற்றி, கொலருக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தேன். தாராளமாக நுழைந்தது. அதற்குப் பிறகுதான் பெட்டியை மூட விட்டேன்.

இப்போது சட்டை தைக்க யார் வந்தாலும் கழுத்தைத் திருப்பச் சொல்லித்தான் அளக்கிறேன். சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். என் மனசுக்காக இன்னொருத்தர் இறுக்கத்தைப் பொறுத்துக்கொள்ள விடமாட்டேன் மாமா, இது சத்தியம். அந்த வெள்ளைச் சட்டையை யார் தைத்தது என்று இனி எவர் கேட்டாலும், நான்தான் என்று சொல்வேன்.

உங்க கழுத்தளவு தெரிந்த மருமகள்,
ஸ்டெல்லா