கருவி கிடைத்தது, நீ கிடைக்கவில்லை

பனிக்குள் கிடக்கும் என் அண்ணனுக்கு,

தேடுவதை நிறுத்திவிட்டார்கள். பனி உருகட்டும், பிறகு பார்க்கலாம் என்று உன் மேனேஜர் போனில் சொன்னார். கும்மிடிப்பூண்டியில் வெயில் கொளுத்துகிறது. அங்கே எப்போது உருகும்?

இங்கே உருக்காலையில் புல்டோசர் ஓட்டியவன், காஷ்மீருக்கு ஸ்னோகேட் ஓட்டப் போனாய். அதே சங்கிலிப் பட்டை, பனிமேல் ஏறும் வண்டி. ரோப்கார் போகாத முகட்டுக்கு, பனிச்சறுக்கில் கைதேர்ந்தவர்களை ஏற்றிப்போவாய். அவர்கள் சறுக்கி இறங்குவார்கள். "ஷேர் ஆட்டோதான்டா. மேல டிராப்பு, கீழ பிக்கப்பு. ரோடுதான் இல்ல" என்று வீடியோ காலில் சிரித்தாய்.

அன்று எல்லோரும் சறுக்கி இறங்கிய பிறகு, பட்டையில் பனிக்கட்டி இறுகி வண்டி நின்றது. சரிசெய்ய இறங்கும் முன், பனியில் புதைந்தால் ஆள் இருக்கும் இடத்தைக் காட்டும், கழற்றவே கூடாத சிக்னல் கருவியைக் கழுத்திலிருந்து கழற்றி சீட்டில் வைத்தாய். ஏன் என்று அங்கே யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மெஷினில் கை வைக்கும் முன் செயின், ஐடி கார்டு, தாயத்து எல்லாம் கழற்று. நம் ஆலையில் முதல் நாள் பழக்குவதே அதைத்தானே? சரியான பழக்கம், அண்ணா. இடம்தான் தப்பு.

பனிச்சரிவு வந்தது. கீழே இருந்தவர்கள் சிக்னலைப் பிடித்துக்கொண்டு வெறிபிடித்த மாதிரி தோண்டினார்கள். வண்டி கிடைத்தது. சீட்டில் கருவி மின்னிக்கொண்டிருந்ததாம். அவர்கள் தோண்டிய சத்தம் உனக்குக் கேட்டதா?

காரியம் செய்துவிடலாம் என்றார் நைனா. அம்மா பாய்ந்தாள்.

"இன்னாய்யா அவசரம் உனக்கு? எம்புள்ளய யாரு பாத்தா?"

"பனிக்குள்ள இத்தினி நாளு எவன்டி இருப்பான்?"

"அவன் இருப்பான்."

பனிக்கு அடியில் மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும் என்று நான் படித்துவிட்டேன். சொன்னால் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் தினமும் உனக்கும் சேர்த்தே சோறு வடிப்பாள். நான் என்ன செய்யட்டும், சொல்லு?

லீவு தரவில்லை. வேலையை விட்டுவிட்டேன். டிக்கெட் போட்டாச்சு. வண்டி நின்ற இடத்திலிருந்து சரிவு முழுக்கக் கம்பி குத்தித் தேடுவேன். உருகும்வரை காத்திருக்க என்னால் முடியாது.

அம்மா தடுக்கவில்லை. புது ஸ்வெட்டர் ஒன்றை என் பையில் திணித்தாள். "குளுருதும்பான். இத்த போட்டு இட்டாந்துடு."

கூட்டிக்கொண்டு வருகிறேன், அண்ணா. அவள் நினைக்கிற மாதிரி இல்லை. ஆனாலும் நானேதான் கூட்டிக்கொண்டு வருவேன்.

உனக்கு அடுத்துப் பிறந்த தம்பி,
முரளி