தேசிக்காயும் அடிச்சில்லும்

12.6.1984

இந்த அத்தானோடு இனி ஒரு வேலையும் செய்யக்கூடாது.

திருவிழாவில் பிள்ளைகள் ஏறி ஓடவென்று நாங்கள் இருவரும் எங்கள் நீர்வேலிப் பட்டறையில் செய்த வண்டி, இன்று கோயில் வீதியில் வெள்ளோட்டம். தண்ணீர்க் குழாய்களை வளைத்து ஒட்டித் தண்டவாளமாக்கியிருந்தோம். மேட்டிலிருந்து பாய்ந்து இறங்கும் வண்டி துள்ளிக் கிளம்பாமலிருக்க, குழாயின் மேலே ஓடும் சக்கரங்களோடு, குழாயை அடியிலிருந்து பிடிக்கும் நாலு அடிச்சில்லுகளையும் பூட்டியிருந்தேன்.

புது லொறிக்கு வைப்பதுபோல, அத்தான் மேற்சில்லின் முன் பச்சைத் தேசிக்காய் ஒன்றை வைத்தார். தள்ளினோம். வண்டி காயில் முட்டி நின்றுவிட்டது. ஏறி நசிக்க வண்டி கொஞ்சம் எழும்ப வேண்டும், அடிச்சில்லு விடவில்லை.

"சகுனம் பிழைச்சுப் போச்சு," என்றார்.

"எழும்பாமல் நிண்டதுதான் நல்லது அத்தான். பிள்ளையள் விழமாட்டினம்."

"உந்தக் கதையை விடு. காய் நசியாமல் ஒருத்தரையும் ஏத்த விடமாட்டன்."

நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் அடிச்சில்லுகளைக் கழற்றி, காயை நசித்து, தேங்காயும் உடைத்துவிட்டார். ஊரே கைதட்டியது.

"இனிப் பூட்டுவம்," என்றேன்.

"காய் நசிஞ்ச வண்டியிலை இனி ஆரும் கை வைக்கப்படாது!"

சில்லுகள் இப்போது என் மேசையில் கிடக்கின்றன. நாளைக் காலைப் பூசையில் அவர் கண்ணை மூடிக் கும்பிடும்போது போய்ப் பூட்டிவிடுவேன். முதல் ஓட்டத்தில் ஏறப்போவது அவரின் கடைசி மகள். அவள் சிரித்துக்கொண்டு இறங்கியதும், எல்லாம் தேசிக்காயின் புண்ணியம் என்பார்.

சொல்லட்டும்.