ஆதாம் படத்தை எப்போது தூக்குவது

செவ்வாய், செப். 2

காலையிலிருந்து தூறல். துவைத்த சேலைகள் எல்லாம் ஹாலில், நாற்காலிக்கு ஒன்றாக. எட்டாம் வகுப்பு டெஸ்ட் பேப்பர் இன்னும் தொடவில்லை. கேஸ் புக் பண்ண வேண்டும்.

தங்கை ஹெப்சி வந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இந்தத் தடவை அவள் புருஷன் ஜான்சன் அவளை அறைந்தது வீட்டு ஓனர் கண் முன்னாலேயே. ஜீவனஹள்ளியிலிருந்து காக்ஸ் டவுனில் எங்கள் வீடு வரை மழையில் நடந்தே வந்திருக்கிறாள், பாத்ரூம் செருப்போடு. இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் பாஸ்டர் இருவரையும் உட்கார வைத்துப் பேசி, ஜெபம் பண்ணி, அவளைத் திருப்பி அனுப்பினார். போன வருஷம் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டது நான்தான்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் ஆபீஸில் மறுபடி பேச்சு. ஜான்சனும் அவன் அம்மாவும் வருகிறார்கள். பாஸ்டர் என்ன சொல்வார் என்று எனக்கே மனப்பாடம். ஆதாமைத்தான் முதலில் படைத்தார், ஏவாள் அவன் விலா எலும்பிலிருந்து வந்தவள், அவனுக்குத் துணையாக. அதனால் பெண் கொஞ்சம் அனுசரித்துப் போக வேண்டும். நானும் அதைத்தான் சொல்வேன் போல. வேறு என்ன வழி. எத்தனை நாள் இங்கே வைத்துக்கொள்ள முடியும்.

அதே நாள் பெண்கள் ஞாயிறும். வருஷத்தில் ஒரு நாள் ஆராதனை முழுக்க எங்கள் கையில். வேதபாடம், பாட்டு, காணிக்கை எடுப்பது, பிரசங்கம், எல்லாம். பிரசங்கம் இந்த வருஷம் என் தலையில். தலைப்பு: படைப்பு. சயன்ஸ் டீச்சர் என்பதால் எனக்கே கொடுத்தார்களாம். நாளை ஒத்திகை. சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பென், செல்லோ டேப் வாங்கணும்.

புதன், செப். 3

ஒத்திகையில் மானம் போயிற்று.

ஏற்பாடு என்னுடையதுதான். ஆதியாகமம் முதல் அதிகாரம் மெர்ஸி படிப்பாள் (பேங்க்கில் வேலை, குரல் கணீர்). இரண்டாம் அதிகாரம் நாலாம் வசனத்திலிருந்து வசந்தாக்கா, டெலிபோன் ஆபீஸில் ரிட்டையர் ஆனவர். படிக்கப் படிக்க மற்ற பெண்கள் படங்களைத் தூக்கிக் காட்ட வேண்டும். வெளிச்சம், கடல், மரம், சூரியன், மீன், மிருகம், ஆதாம், ஏவாள். டெய்ஸி ஆன்ட்டி உயரம், அதனால் ஆதாம் அவர் கையில்.

மெர்ஸி படித்தபோது அழகாக வந்தது. கடைசியில் ஆதாம் ஏவாள் இரண்டு படமும் சேர்ந்து மேலே. வசந்தாக்கா ஆரம்பித்ததும் குளறுபடி. நிலத்தில் இன்னும் செடியே இல்லை, மழையே இல்லை என்று படிக்கிறார், செடி என்று கேட்டதுமே ஒருத்தி மரத்தைத் தூக்குகிறாள். அடுத்த மூச்சில் மண்ணிலிருந்து மனிதன். டெய்ஸி ஆன்ட்டி ஆதாமை இடுப்பில் வைத்துக்கொண்டு யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார்.

"ஆன்ட்டி, ஆதாம், ஆதாம்."

"நீதானம்மா கடைசின்னு சொன்னே. இப்ப முதல்லங்கிறே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வசந்தாக்கா, நடுவுல ஒரு பக்கத்தையே விட்டுட்டீங்க. ஒழுங்கா படிங்க."

"ஒரு எழுத்து விடல. கண்ணாடி போட்டுத்தான் படிக்கிறேன். நீயே பாரு."

பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. அவர் விடவில்லை. அப்படியேதான் இருக்கிறது. முதலில் மனிதன். பிறகு மரம். பிறகு மிருகங்கள், பறவைகள். எல்லாம் முடிந்து பெண்.

அத்தனை பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். தலைவலி என்று சொல்லி ஒத்திகையை முடித்துவிட்டேன்.

வீட்டில் வந்து எழுதிப் பார்த்தது:

முதல் அ. – வெளிச்சம். வானம். தரை, செடி, மரம். சூரியன், சந்திரன். மீன், பறவை. மிருகம். கடைசியில் மனிதர், ஆணும் பெண்ணும் ஒன்றாக. இருவருமே தேவசாயல்.

இரண்டாம் அ. – ஆண். தோட்டம். மிருகம், பறவை. அவற்றில் சரியான துணை அகப்படவில்லை. அப்புறம்தான் பெண்.

சூரியனும் கடலும் இரண்டாவதில் பேச்சே இல்லை. நாள் கணக்கும் இல்லை. ஆண்டவர் பெயர்கூட முதலாவதில் வெறும் தேவன், இரண்டாவதில் தேவனாகிய கர்த்தர்.

பிள்ளைகள் கேட்கிற டைனோசர் கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருந்தேன். ஒரு நாள் என்பது ஒரு யுகம் என்று சொல்லிச் சமாளிப்பேன். இதற்கு என்ன சொல்ல? ஜனவரி ஒன்றாம் தேதி எல்லோரும் வேதத்தை முதல் புத்தகம் ஆதியாகமத்திலிருந்து ஆரம்பிப்போம், மூன்றாவதான லேவியராகமம் வந்ததும் கைவிடுவோம். அப்படியென்றால் வேதத்திலேயே நான் அதிகம் படித்தது இந்த இரண்டு பக்கம்தான். அதில் இருப்பது என் கண்ணில் படவில்லை. என்னத்தைப் படித்தேன்.

வீட்டுக்காரர் இம்மானுவேலிடம் சொன்னேன். மனிதர் டிவியை விட்டுத் திரும்பவில்லை.

"ரெண்டு பேர் எழுதியிருப்பாங்க. இயேசு கதைக்கே நாலு சுவிசேஷம் இல்லையா?"

"உங்களுக்கு ஷாக்கா இல்லையா?"

"ஷாக்கு என்ன. நாளைக்கு டிபன் என்ன?"

வியாழன், செப். 4

ஸ்கூல் விட்டுப் பாஸ்டர் வீட்டுக்கு. அல்சூர் ஏரியில் பிள்ளையார் கரைக்கிற கூட்டம், சிவாஜிநகரில் மாதா திருவிழாக் கூட்டம், பஸ் எங்கெங்கோ சுற்றியது. சேலை ஓரம் முழுக்கச் சேறு.

பாஸ்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். நல்ல பிள்ளை. காபி கொடுத்தார். இரண்டு பட்டியலையும் நீட்டினேன். ஆடிப்போய்விடுவார் என்று பயந்துதான் போனேன். அவரோ பட்டியலைப் பார்த்துச் சிரித்தார்.

"கரெக்டா போட்டிருக்கீங்க டீச்சர். இது ரெண்டு தனித்தனிக் கதை. வேதாகமக் காலேஜ்ல முதல் வருஷமே சொல்லிக் கொடுத்துட்டாங்க."

காபியைக் கீழே வைத்தேன். முதல் வருஷமே.

நிதானமாக விளக்கினார். வேறு வேறு காலத்துக் கதைகள். முதலாவது யூதர்கள் பாபிலோனில் அடிமைப்பட்டுக் கிடந்தபோது உருவானது என்று பலர் நினைக்கிறார்களாம். தொகுத்தவர்கள் ஒன்றும் அசடுகள் இல்லை, முரணைப் பார்த்தும் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். யூத மதகுருக்களான ரபிகளும் அந்தக் காலத்திலேயே இதைக் கவனித்திருக்கிறார்கள். முதல் மனிதன் ஆணும் பெண்ணும் ஒட்டிப் பிறந்த ஒரே உடம்பு, பிறகுதான் இரண்டாகப் பிரித்தார் என்று ஒரு விளக்கம். இரண்டாவது கதையிலும் பெண்ணைக் கீழே வைக்கத் தேவையில்லையாம், துணை என்று ஆண்டவரையே வேதம் சொல்கிறதாம்.

கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

"இதையெல்லாம் ஏன் எங்களுக்குச் சொல்லல?"

"சபை தாங்காது டீச்சர். விசுவாசம் ஆட்டம் கண்டுடும்."

"நாங்க தாங்க மாட்டோம்னு யாரு அளந்து பாத்தது?"

ஞாயிற்றுக்கிழமை ஒரு அதிகாரம் மட்டும் படித்தால் போதுமே என்றார். எந்த அதிகாரம் என்று கேட்டேன். இரண்டாவது, கதை மாதிரி இருக்கும், எல்லோருக்கும் பழக்கமானது என்றார்.

காபியை முழுசாகக் குடிக்காமல் வந்துவிட்டேன். ஒருத்தர் வீட்டில் நான் அப்படிச் செய்ததே இல்லை.

வெள்ளி, செப். 5

ஆசிரியர் தினம். பேனா பேனாவாக வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் என்னைப் போலவே நடித்துக் காட்டினார்கள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "நான் சொன்னா சொன்னதுதான்." சிரிப்பாய்ச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரிய சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் ஹெப்சியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். குதித்து எழுவாள் என்று நினைத்தேன். ம் கொட்டிக்கொண்டே நறுக்கினாள். முடித்து, தட்டை ஓரமாக வைத்து, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பாஸ்டருக்கு இது போன வருஷமும் தெரியுமா?"

எனக்கு இது தோன்றவே இல்லை. தெரியும்தான். அவளை உட்கார வைத்து விலா எலும்பைப் பற்றிப் பேசியபோது தெரியும். முதல் தடவையும் தெரியும். இன்னொரு அதிகாரம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே அவளுக்கு ஒன்றை மட்டும் படித்தார்.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

சனி, செப். 6

வெயில். சேலைகள் ஒருவழியாகக் காய்ந்தன. ஊதாக் கரை போட்டது ஞாயிற்றுக்கு. மாவு அரைத்தாயிற்று. கேஸ் இன்னும் வரவில்லை.

வசந்தாக்கா போன். "பாஸ்டர் எனக்கும் போன் பண்ணாரு. ஒண்ணு போதுமாம். எதுக்கும்மா உனக்கு இந்தப் பேஜாரு? விட்டுடு."

"அக்கா, நீங்க படிக்கிறீங்களா, நானே ரெண்டையும் படிக்கட்டுமா?"

"நானே படிக்கிறேன். உனக்கு மூச்சு வாங்கும்."

டெய்ஸி ஆன்ட்டிக்குச் சொல்லியாயிற்று. முதல் தடவை ஆதாமை ஏவாளோடு சேர்த்துக் கடைசியில் தூக்கவும். இரண்டாம் தடவை எடுத்த எடுப்பிலேயே. "அப்ப ரெண்டும் சரியா?" என்று கேட்டார். ரெண்டும் இருக்கு ஆன்ட்டி என்றேன்.

பயமாக இருக்கிறது. விசுவாசம் போய்விட்டதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். ஜெபம் பண்ண முடிந்தது. அதுவே ஆச்சரியம்.

ஞாயிறு, செப். 7

மறுபடி மழை. ஆனாலும் சர்ச் நிறைந்திருந்தது.

இரண்டு அதிகாரமும் படித்தோம். படங்கள் அந்தந்த இடத்தில் ஏறி இறங்கின. இரண்டாவதில் டெய்ஸி ஆன்ட்டி ஆதாமை முதலிலேயே தூக்கியதும் பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு. பைபிளைப் புரட்டும் சத்தம். எழுதியதில் பாதியைச் சொல்ல மறந்தேன். நம் வேதம் இரண்டு கதையோடு ஆரம்பிக்கிறது, ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு யாரையும் அடக்க நமக்கு உரிமை இல்லை என்பதை மட்டும் சொன்னேன். இரண்டு பேர் நடுவில் எழுந்து போனார்கள்.

பிறகு ஆபீஸ் ரூம். ஜான்சன் வெள்ளைச் சட்டையில், மாப்பிள்ளை மாதிரி. அவன் அம்மா ஹெப்சியைப் பார்க்கவே இல்லை.

"அந்த டீச்சரம்மா ஆயிரம் பேசட்டும். ஆம்பளைய முதல்ல படைச்சாரு ஆண்டவர். நீங்க சொல்லுங்க பாஸ்டர்."

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். என்னைப் பார்த்தார். மழுப்பப் போகிறார் என்றே நினைத்தேன்.

"ரெண்டாம் அதிகாரத்துல அப்படி இருக்கு. முதல் அதிகாரத்துல ரெண்டு பேரும் ஒண்ணா. டீச்சர் சொன்னது சரி. நான் அதை முன்னாடியே சொல்லியிருக்கணும்."

ஜான்சன் முகம் வெளுத்துப்போயிற்று. "என்ன பாஸ்டர், அப்ப இத்தனை நாள் நீங்க எங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டான். புதன்கிழமை என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். ஒரு நிமிஷம் அவன் மேலேயே பரிதாபம் வந்தது, கர்மம்.

ஹெப்சி எழுந்தாள். "நான் வரல" என்றாள். அவ்வளவுதான். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஒரே குடையில் நடந்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாஸ்டர் சொன்னது, ஜான்சன் முழித்தது, டெய்ஸி ஆன்ட்டி படத்தைத் தூக்கிய ஜோர், எல்லாம் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். மார்க்கெட் திருப்பத்தில் அவள் நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"வேதத்துல அந்த விலா எலும்புக் கதை ஒண்ணு மட்டும்தான்னு இருந்திருந்தா, என்னை இன்னிக்கும் ஆட்டோ ஏத்தி விட்டிருப்பியா?"

மாட்டேன் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன், வார்த்தை வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குடையை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள், மழையிலேயே.