கம்பியை வெட்டி எடுத்தது நான்

16-11-88, புதன்

விடாத மழை. சேக்காட்டில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். ஷிப்டுக்குக் கால் மணி லேட்.

மகள் பியூலாவுக்குக் காய்ச்சல் ஆறாம் நாள். காலை 102. மாலை 104. டைபாய்டு என்று ரத்தப் பரிசோதனையில் வந்துவிட்டது. டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்தே பேசினார். ஒன்பது வயதுப் பிள்ளை. கையைத் தொட்டால் தோசைக்கல்லாகச் சுடுகிறது.

வாங்க: பிரெட், குளுக்கோஸ், சாத்துக்குடி, ஐஸ் (மீன் மார்க்கெட்டில் கிடைக்குமாம்).

மேனேஜர் கூப்பிட்டார். மெஷின் ஓட்டும் ஏழுமலை மேல் விசாரணை திங்கள் பதினோரு மணிக்கு. பட்டனை முழங்கையால் அமுக்கிக்கொண்டு அசட்டையாக மெஷினுக்குள் கையை விட்டான் என்று நான் எழுதிக் கொடுத்ததை அங்கே வாயாலும் சொல்ல வேண்டுமாம். சொன்னால் அவனை வேலையை விட்டு நீக்கிவிடுவார்கள். சரி சார் என்றேன். வாய் தானாகச் சொல்கிறது.

17-11-88, வியாழன்

கா. 102. மதியம் 103. மா. 104. கஞ்சி இறங்கவில்லை.

எங்கேயாவது எழுதிவைக்காவிட்டால் தலை வெடித்துவிடும். போன வெள்ளி நடந்தது இதுதான். எங்கள் பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் இறங்கும், கைக்கு ஆபத்து வராது. ஒரு பட்டனை அமுங்கின வாக்கில் கம்பியால் கட்டிவிட்டால் ஒரு கை போதும். மற்றக் கை தகட்டை வைத்து வைத்து எடுக்கும். வேலை பறக்கும். அவசர ஆர்டர். கட்டச் சொன்னது சூப்பர்வைசராகிய நான். ஏழுமலை வேண்டாம் சார் என்றான். நான் அதட்டினேன்.

பதினோரு மணிக்கு அவன் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. எல்லாரும் அவனைப் பார்க்க ஓடினார்கள். நான் கட்டிங் பிளேயரை எடுத்துக் கம்பியை வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. யோசித்துச் செய்ததா என்று கேட்டால், ஆமாம், யோசித்துத்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பியூலா போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாள்.

18-11-88, வெள்ளி

கா. 103. மா. 104.4. மாலையில் பிதற்றல். பள்ளிக்கூட பெஞ்சில் இடம் இல்லை என்று அழுகை.

சபையிலிருந்து ஜெபக்குழு வந்தது, ஆறு பேர். பாய் போட்டு உட்கார்ந்தார்கள். இந்தக் குடும்பத்தார் அறியாமல் செய்த பாவம் இருந்தால் மன்னியும் ஆண்டவரே என்று ஒரு அம்மா உருகி ஜெபித்தார்கள். அறிந்து செய்ததற்கு ஒருவரும் ஜெபிக்கவில்லை. ஆமென் எனக்குத் தொண்டையில் சிக்கியது.

அவர்கள் போனதும் சமையலறையில் என் மனைவி கிரேஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளையைக் காப்பாற்றினால் திங்கட்கிழமை உண்மையைச் சொல்கிறேன் என்று பொருத்தனை பண்ணியிருப்பதையும் சொன்னேன். சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தவள் நிறுத்தவே இல்லை. பிழிந்து முடித்துத்தான் பேசினாள்.

"உங்களைத் தண்டிக்க இவளைப் படுக்கப்போடுற ஆண்டவரா அவரு? செய்ய வேண்டியதைச் செய்யுங்க. நடுவுல பிள்ளையை இழுக்காதீங்க."

வேலை போனால் என்ன செய்வோம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

19-11-88, சனி

மழை விட்டது.

கா. 99! உதறி உதறி மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். 99தான். நெற்றியெல்லாம் வியர்வை. அப்பா பசிக்குது என்றாள். கிரேஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நானும்தான்.

ம. 99. மா. 99.2. இரண்டு துண்டு பிரெட், பாதி தம்ளர் பால்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். மத்தியானம் பிரெட் வாங்கப் போகும்போது மனசு என்ன சொன்னது? இனி எதற்குச் சொல்ல வேண்டும்? டாக்டர் மருந்தில்தானே இறங்கியது? பேரத்தில் சரக்கு முன்கூட்டியே கைக்கு வந்துவிட்டது, நான் நழுவப் பார்க்கிறேன். எட்டு நாளாக அழுததெல்லாம் பாவத்துக்காக இல்லை, பயத்துக்காக. காய்ச்சலோடு அதுவும் இறங்கிவிட்டது. என்னைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

20-11-88, ஞாயிறு

கா. 98.4. வெயில். துவைத்த துணி மூட்டை மூட்டையாக.

மகள் சுகமானதற்கு ஸ்தோத்திரக் காணிக்கை என்று கவரில் எழுதி ஆலயத்தில் கொடுத்தேன். போதகர் பெயர் சொல்லி வாசித்தார். சபை முழுவதும் ஆமென். நான் சொல்லாமலே, திருந்தாமலே, ஆண்டவர் எனக்கு இரங்கிவிட்டார். ஏழுமலைக்கு என்ன இரக்கம் கிடைத்தது? உட்காரவே முடியவில்லை. அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு எழுந்து போகாமல் வெளியே வந்துவிட்டேன்.

பஸ் மாறித் திருவேற்காடு. ஏழுமலை வாசலில் உட்கார்ந்திருந்தான், கையில் பெரிய கட்டு. அவன் மனைவி தனம் ஸ்டூல் போட்டாள். நான் வாயைத் திறக்குமுன் அவனே கேட்டான்.

"பாப்பாக்கு ஜொரம் எறங்கிச்சா சார்?"

கம்பெனி ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். இறங்கிவிட்டது என்றேன். பிறகு கம்பியைப் பற்றிச் சொன்னேன், முழுவதும். தனம் எழுந்து உள்ளே போனவள் திரும்ப வரவில்லை. பாத்திரம் உருட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீ வெட்டசொல்லோ பார்த்துகினுதான் இருந்தேன் சார். வலிகூட அப்போ தெர்ல. நம்ம சாரா இப்டி செய்யறாருன்னு பார்த்துகினே இருந்தேன்."

அவன் சொன்னால் யார் நம்புவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லையாம்.

"இங்க சொல்லி இன்னா சார்? நாளிக்கு அங்க சொல்லு."

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. வரும்போது பஸ்ஸில் யாரோ தக்காளி விலையைப் பற்றிச் சண்டை.

21-11-88, திங்கள்

மூட்டம். 8.10 ரயில், பட்டரவாக்கத்தில் இறங்கி நடை. கிரேஸ் கட்டிக் கொடுத்த இட்லியைத் தொடவில்லை.

பதினொன்றேகாலுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர், வெளியிலிருந்து வந்த வக்கீல், டைப் அடிக்கிறவர். ஏழுமலை வெளியே பெஞ்சில், நடுவில் பலகைத் தடுப்பு மட்டும். கட்டச் சொன்னது நான், வெட்டி எடுத்தது நான், எழுதிக் கொடுத்தது பொய் என்றேன். டைப் சத்தம் நின்றுவிட்டது.

மேனேஜர் பேனாவை மூடினார். குரலை இறக்கி, அன்பாகத்தான் பேசினார். பிள்ளைக்கு முடியவில்லை, பத்து நாள் தூக்கமில்லை, ஏதோ குழம்பிப் பேசுகிறாய், வீட்டுக்குப் போ, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் தப்பிக்கக் கதவு அகலமாகத் திறந்திருந்தது. ஒரு நிமிடம், உண்மையாகவே ஒரு நிமிடம், போய்விடலாமா என்றிருந்தது.

"பிள்ளைக்கு நல்லாயிடுச்சு சார். பயந்துபோய் உளறலை. டைப் அடிக்கச் சொல்லுங்க."

அடித்தார்கள். கையெழுத்துப் போட்டேன். வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். இன்றே சஸ்பெண்ட் ஆர்டர் வரும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் கர்த்தரே என்று கூப்பிட்டபோது பத்து நாளில் முதல்தடவையாக வார்த்தை தொண்டையில் நிற்கவில்லை. வேறொன்றும் கேட்கவில்லை, அந்த ஒரு வார்த்தைதான்.

வெளியே ஒரே பெஞ்ச். நான் சுவர் ஓரமாக நின்றேன். ஏழுமலை என்னைப் பார்க்கவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தான்.

"குந்து சார்."